நெருப்பில் வைக்கக் கூடாத பால்

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டு. ஆட்டு ரத்தம் கலந்த கூழ் அதில் உறைந்து செக்கச்செவேலென்று இருந்தது. அந்தச் சிவப்பின் மேல் கடுகு கடுகாகத் தங்க நிறப் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டையும் சுற்றிச் சிவப்பு கரைந்து ஒரு தெளிந்த வளையம். முந்தைய நாள் நான் தடவி வைத்த ஒரு சொட்டுப் பாலிலிருந்து முளைத்தவை அவை. தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஐயோ, என்ன அழகு!" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்ற டாக்டர், "அழகுதான். செவலையோட மடியைக் கல்லா ஆக்கினதும் இதுதான்" என்றார். அறுபதுகளின் தொடக்கம் அது. சிங்கப்பூரில் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வயது இருபத்து நான்கு. சிறு வயதிலிருந்தே எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் செய்த காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

செவலை ஒரு பசு. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சந்துக்குள், தகரக் கூரை போட்ட கொட்டகையில் ஏழு பசுக்கள் இருந்தன. அவற்றில் மூத்தது அது. கொட்டகையை நடத்தியவரை அந்த வட்டாரமே பால்கார அக்கா என்றுதான் கூப்பிடும். நாற்பது வயதிருக்கும். கணவர் இறந்த பிறகு, கொழுந்தனார் புல்லும் புண்ணாக்கும் பார்த்துக்கொள்ள, அக்கா ஒருவரே ஏழு மாட்டையும் கறந்தார். அந்தக் கைகளைப் பார்த்தால் எந்த ஆண்பிள்ளையும் சண்டைக்கு வரமாட்டான். குரல் சந்தின் அந்த முனை வரை கேட்கும். ஆனால் மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டால் முணுமுணுப்பாகத்தான் பேசுவார். அது மாட்டோடு மட்டும் பேசும் பேச்சு. மனிதர்களுக்கு அந்தக் குரல் கிடைக்காது.

அந்த வருடத்து மழைக்காலத்தில் நான்கு மாடுகளுக்கு மடிநோய் கண்டது. மடி வீங்கிக் கல்லாகும். தொட்டால் மாடு உதைக்கும். கறந்தால் பால் திரிதிரியாக, சில நாள் வெறும் தண்ணீராக, சில நாள் ரத்தச் சாயலோடு வரும். காம்பு வழியாகப் பெனிசிலின் ஏற்றினால் சில நாள் தெளியும். வாடிக்கை வீட்டுக்காரர்கள் மறுபடி பால் வாங்கத் தொடங்கும் நேரத்தில் மீண்டும் திரி விழும். கொழுந்தனார் பொறுமை இழந்துவிட்டார். "தைப்பூசத்துக்குப் பால்குடத்துக்குக் கேப்பாங்க. கெட்ட பாலைச் சாமிக்கு ஊத்துற பாவம் எனக்கு வேணாம். அதுக்குள்ள சரியாகலைன்னா நாலையும் லாரியில ஏத்திடுவேன்" என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். லாரி எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா அந்தப் பேச்சு வந்தாலே செவலையின் கழுத்தடியில் போய் நின்றுகொள்வார். கொழுந்தனார் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நோவு மாட்டை வைத்துக்கொண்டு பால் விற்றால் முழுக் கொட்டகைக்கும் லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் அவருக்கு. பயம் நியாயமானதுதான்.

எங்கள் டாக்டர் நாகூர்ப் பக்கத்துக் குடும்பம். தாத்தா காலத்திலேயே கப்பலேறி வந்து இங்கே வேர்விட்டவர்கள். அதிகம் பேசமாட்டார், பேசினால் சுற்றி வளைக்கமாட்டார். அந்தக் கொட்டகையின் கிருமியைக் கொண்டே அந்தக் கொட்டகைக்கு ஒரு தடுப்பூசி செய்து பார்க்கலாம் என்று அவர் முடிவு செய்தார். வெளிநாட்டில் சிலர் முயன்று பார்த்ததாகப் படித்திருந்தார், யாரும் பலித்தது என்று அடித்துச் சொல்லவில்லை. கெட்ட மடியின் பாலிலிருந்து கிருமியைப் பிரித்து வளர்க்க வேண்டும். சூட்டிலும் ஃபார்மலின் மருந்திலும் போட்டுக் கொல்ல வேண்டும். செத்த கிருமியைப் படிகாரத்தோடு கலந்து மாட்டின் தோலுக்கடியில் ஏற்ற வேண்டும். "திருடனோட முகத்தைக் காவக்காரனுக்குக் காட்டி வைக்கிறோம். நிஜத் திருடன் வந்தா அவன் அடையாளம் கண்டுக்குவான்" என்று எனக்கு விளக்கினார். காட்டுகிற முகம் சரியான திருடனின் முகமாக இருக்க வேண்டும் என்பதை அவர் தனியாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

முதல் தடவை செவலையின் பாலை எடுக்க நானே போனேன். காம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் இரண்டு பீச்சைத் தரையில் விட்டு, மூன்றாவதை வேகவைத்துச் சுத்தம் செய்த சின்னப் போத்தலில் பிடிக்க வேண்டும். செவலை வேறு யாரையும் அண்டவிடாது, அதனால் பீச்சியது அக்கா, போத்தலைப் பிடித்தது நான். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. போத்தலை மூடிப் பெட்டியில் வைக்கும்போது அக்கா கேட்டார்: "இத வச்சு என்னா செய்வீங்க தங்கச்சி?"

வாய் சும்மா இருக்குமா? "கிருமிய வளத்துச் சூடு பண்ணிக் கொன்னுடுவோம்க்கா. மிச்சப் பாலு, போத்தலு எல்லாத்தையும் பெரிய குக்கர் மாதிரி ஒண்ணு இருக்கு, அதுல போட்டுக் கொதிக்கக் கொதிக்க வேகவச்சுக் கொட்டிடுவோம். ஒரு பூச்சி தப்பாது!" என்று கையை வேறு ஆட்டிச் சொன்னேன்.

அக்காவின் முகம் செத்துப் போயிற்று. "நோவு கண்ட மடிப் பால நெருப்புல காட்டக் கூடாதுமா. மடி வெந்துடும். எங்க வீட்டுல அத ஆலமரத்தடியிலதான் ஊத்துவோம். நீயும் அப்படியே ஊத்திடேன்" என்றார். குரல் அவர் மாட்டிடம் பேசுகிற குரலாக இருந்தது. நான் குவீன்ஸ்டவுன் அடுக்கு வீட்டுக்காரி. எனக்குத் தெரிந்த பால் டின்னில் வரும். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரிக்கா, சரிக்கா" என்றேன். பஸ் ஏறியதும் அந்தச் 'சரி' எனக்கு மறந்துபோனது.

தங்கப் பொட்டுத் தட்டு அந்தப் பாலில் முளைத்ததுதான். ஆனால் அதிலிருந்து எடுத்து வைத்த கிருமி நிலைக்கவில்லை. மூடி சரியாக இறுகாமல், ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. இங்கத்துப் புழுக்கத்தில் அது புதிதில்லை. டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "போகட்டும். எப்படியும் நாலு மாட்டோட பாலும் வேணும். புதுசா எடுத்துட்டு வா" என்றார். பூஞ்சை பிடித்த தட்டையும் செவலையின் மிச்சப் பாலையும் வழக்கம் போல அந்தப் பெரிய குக்கரில், ஆட்டோகிளேவில், வைத்து மூடியைத் திருகினேன். ஆவி சீறிக்கொண்டு வந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியது என்று இப்போது எழுதினால் அது பொய்.

நான்கு மாட்டுக்கும் நான்கு புதுப் போத்தல்களோடு ஒரு சனிக்கிழமை மதியம் கொட்டகைக்குப் போனேன். திங்கள் விடிகாலைக் கறவையில் பிடித்து, சூடு ஆறுவதற்குள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மழை கொட்டிக்கொண்டிருந்த மாதம். குவீன்ஸ்டவுனிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, வழியில் ஒரு பஸ் மாறி, இருட்டோடு வந்து நிற்க வேண்டும். நான் முகத்தைச் சுளித்திருப்பேன் போல. அக்கா, "நீ ஏன் மழையில அலையணும்? எனக்குத்தான் எப்படிப் புடிக்கணும்னு காட்டிட்டியே. நானே புடிச்சு எட்டு மணிக்கு உன் ஆபீஸ்ல கொண்டாந்து தர்றேன் லா" என்றார். பாசம் என்று நினைத்தேன். நான்கு போத்தலையும் கொடுத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு சந்தோஷமாக வீடு போய்ச் சேர்ந்தேன். என்னை அந்தக் கறவைப் பக்கம் வரவிடாமல் செய்யத்தான் அக்கா அப்படிச் சொன்னார் என்பது எனக்கு எட்டவே இல்லை. மாதிரியை நானே எடுக்க வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. அதையும் நான் பெரிதாக நினைக்கவில்லை.

திங்கள் எட்டு மணிக்கு அக்கா வந்தார். புடவை முந்தானையில் சுற்றிய நான்கு போத்தல்களையும் கொடுத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் தட்டுகளைத் திறந்தால் தங்கம் இல்லை. நான்கிலும் வெள்ளைப் பொட்டுகள். சின்னதாக, சுற்றி வளையம் ஏதும் இல்லாமல், ஒன்றும் அறியாத பிள்ளைகள் போல உட்கார்ந்திருந்தன. முயல் ரத்தத்தின் தெளிநீரில் கலந்து பார்த்தேன். கொடிய வகையாக இருந்தால் தெளிநீர் உறைந்து கெட்டிப்படும். உறையவில்லை. அக்கா எப்படிப் பிடித்தாரோ, எதைப் பிடித்தாரோ என்ற சந்தேகம் அந்த நிமிடமே எனக்கு வந்துவிட்டது. வந்ததை உள்ளேயே வைத்துப் பூட்டினேன்.

டாக்டர் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டார்: "இது நீயே எடுத்ததுதானேம்மா?"

"ஆமா சார்."

ஒரு நொடிகூட ஆகவில்லை அந்தப் பொய்க்கு. வேலை போய்விடுமோ என்ற பயம். மழைக்குச் சோம்பி வீட்டில் தூங்கினேன் என்று சொல்லும் வெட்கம் அதைவிடப் பெரிது. அவர் என்னை நம்பினார். நம்பியதால், கிருமிதான் மாறியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். வெள்ளை வகையும் மடிநோய் செய்வதுண்டு, நான்கு மாட்டிலும் ஒன்றுபோல் இருப்பதால் இப்போது கொட்டகையில் இருப்பது இதுவே என்றார். என் வார்த்தையை நம்பியவருக்கு அதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வெள்ளைக் கிருமியை வளர்த்தோம், சூடாக்கிக் கொன்றோம், ஃபார்மலினில் ஊறவைத்தோம், செத்துவிட்டதா என்று மூன்று முறை பார்த்தோம், முயலுக்கு ஏற்றி அது துள்ளிக்கொண்டு தின்பதைப் பார்த்தோம். ஒவ்வொரு நாளும், இன்று சொல்லிவிடலாம் என்று பஸ் ஏறுவேன். ஒவ்வொரு நாளும் சொல்லாமலே பஸ் ஏறித் திரும்புவேன்.

நான்கு மாட்டுக்கும் முதல் ஊசி போட்டோம். இரண்டு வாரம் கழித்து இரண்டாவது. ஊசி போட்ட இடத்தில் நெல்லிக்காய் அளவு வீக்கம், அவ்வளவுதான். அந்த வாரங்களில் பால் தெளிவாகவே வந்தது. முன்பு ஏற்றிய பெனிசிலினின் மிச்சமாக இருக்கலாம். எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. வாரத்தில் மூன்று நாள் ஏதாவது சாக்குச் சொல்லிக் கொட்டகைக்குப் போவேன். கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் அக்கா முதல் பீச்சை விடும்போது என் மூச்சு நின்றுவிடும். துணியில் திரி தங்கவில்லை என்றால் மூச்சு திரும்பும். அக்காவும் அந்தத் துணியைக் கண் கொட்டாமல்தான் பார்ப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பயம் என்று நினைத்துக்கொள்வேன். இரண்டும் வேறு வேறு பயம் என்று பின்னால்தான் தெரிந்தது.

தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலை ஏழரை மணிக்கு ஆய்வுக்கூடத்துக்கு ஆள் வந்தது. டாக்டரும் நானும் ஓடினோம். செவலை படுத்துக் கிடந்தது. பின் மடியின் ஒரு பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. டாக்டர் என் கையைப் பிடித்து அதில் வைத்தார். ஐஸ்கட்டி போலச் சில்லென்று இருந்தது. பீச்சியபோது பால் வரவில்லை, பழுப்பு நீர் வந்தது. அவர் தெரிந்த மருந்தையெல்லாம் ஏற்றினார். சந்து முனையில் லாரி வந்து நின்றது. கொழுந்தனார் சொன்ன சொல் தவறாதவர். "இது போகட்டும் டாக்டர். மத்த மூணையாவது இன்னிக்கே ஏத்திடுறேன். இதுங்களும் இப்படிக் கெடந்து சாகுறத என்னால பாக்க முடியாது" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

பத்து மணிக்குச் செவலை போய்விட்டது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அழுகை சத்தமாக வரவில்லை. யாரிடமோ வழக்காடுவது போல ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "நாந்தான் மாத்திக் குடுத்தேனே... மடி வேகக் கூடாதுன்னுதானே நல்ல மாட்டுப் பாலக் குடுத்தேன்... பின்ன ஏன் வெந்துச்சு?"

டாக்டர் மெல்ல அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "எந்தப் பாலைம்மா மாத்திக் கொடுத்தீங்க?"

"மயிலையோடது. அதுக்கு ஒண்ணும் இல்லையே. நாலு போத்தல்லயும் அதத்தான் புடிச்சேன். நோவுப் பால நெருப்புல வைப்பீங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சு. எப்படிக் குடுப்பேன்?"

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வெறும் கேள்விதான் இருந்தது. "நான் எடுக்கல சார். போத்தலை அக்காகிட்டக் குடுத்துட்டுப் போய்ட்டேன். நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன்" என்றேன். ஏழு வாரம் நாங்கள் காவல்காரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தது, அந்த வீட்டில் காலமெல்லாம் சாதுவாகக் குடியிருந்த ஒருவனின் முகத்தை.

டாக்டர் எழுந்து கொழுந்தனாரிடம் போனார். "உங்க மாட்டுக்கு நாங்க இன்னும் தடுப்பூசியே போடலை. போட்டது வேற எதுவோ. தப்பு எங்க பக்கம். சரியான பாலைக் கொடுத்தா ஒரு தடவை ஒழுங்கா செய்து பார்க்கிறேன். பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். கொழுந்தனார் லாரியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "பாலக் குடுக்கிறது அண்ணி கையிலதான் இருக்கு. அவங்க குடுத்தா நான் நிறுத்துறேன்" என்றார்.

அக்கா செவலையை விட்டு எழுந்து நேராக என் முன்னால் வந்து நின்றார். "தங்கச்சி, அன்னைக்கு எடுத்துட்டுப் போனியே, செவலையோட பாலு. அத மரத்தடியில ஊத்தினியா, நெருப்புல வச்சியா? நீ சரின்னு சொன்ன. ஆனா உன் கண்ணு சிரிச்சிச்சு. நிஜத்தச் சொல்லு."

ஊற்றிவிட்டேன் என்று சொல்வது அந்த நேரத்தில் எவ்வளவு சுலபம்! மூன்று மாடுகள் பின்னால் நிற்கின்றன. ஊற்றினேன் என்றால் அக்கா சமாதானமாகிப் பாலைக் கொடுத்துவிடுவார். நெருப்பில் வைத்தேன் என்றால் இனி ஒரு சொட்டுகூடத் தரமாட்டார், லாரி நகரும். டாக்டரைப் பார்த்தேன், ஒரு ஜாடையாவது காட்டமாட்டாரா என்று. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அவரை மனதுக்குள் திட்டினேன். பெரிய மனிதர், ஒரு சின்னப் பொய்க்கு எனக்குத் துணை வரக் கூடாதா என்று. ஆனால் ஒரு பொய்யால் செவலை செத்துக் கிடப்பதைக் கண்முன் வைத்துக்கொண்டு இன்னொன்றைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"நெருப்புல வச்சேன்க்கா."

அக்கா தலையை ஆட்டினார். தெரிந்த சேதியைக் கேட்டவர் போல. டாக்டரின் சாஸ்திரப்படி, நான் சொன்ன பொய்யால் செவலைக்குச் சரியான ஊசி போய்ச் சேரவில்லை. அக்காவின் சாஸ்திரப்படி, நான் வைத்த நெருப்பில் செவலையின் மடி வெந்தது. எந்த வழியில் போய்ப் பார்த்தாலும் கடைசியில் நிற்பவள் நான்தான். தப்பிக்க ஒரு சந்துகூட இல்லை. அழுதேன். யாரும் தேற்றவில்லை, அது சரிதான்.

அக்கா டாக்டர் பக்கம் திரும்பிக் கேட்டார்: "நெருப்பு இல்லாம செய்ய முடியுமா?"

"முடியும்" என்றார் டாக்டர், யோசிக்காமல். "மருந்துல மட்டும் ஊறவச்சுக் கொல்லலாம். நாள் கூட ஆகும். பரவாயில்லை." அக்கா என்னைப் பார்க்கவில்லை. போத்தல்களை டாக்டர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், நோவு கண்ட மூன்று மாட்டிலும் ஒவ்வொன்றாகப் பீச்சினார். கொழுந்தனார் சந்து முனைக்குப் போய் லாரிக்காரரிடம் ஏதோ சொன்னார். லாரி வெறுமனே திரும்பிப் போனது.

மறுநாள் மூன்று தட்டுகளிலும் தங்கப் பொட்டுகள். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் தன் சொல்லை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினார். ஆட்டோகிளேவுக்குப் போக வேண்டிய போத்தல்களை லைசால் என்ற கிருமிநாசினியில் நாள்கணக்கில் ஊறப்போடச் சொன்னார். மிச்சப் பாலில் ஃபார்மலின் கலந்து, கட்டடத்துக்குப் பின்னால் என்னையே குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். ஒரு இடத்தில் மட்டும் எனக்குத் திக்கென்றது. கிருமி வளரவும் பிறகு ஃபார்மலினில் சாகவும் வெதுவெதுப்பான பெட்டிக்குள் இருக்க வேண்டும். அது நெருப்பில் சேர்த்தியா இல்லையா? டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "கோழி அடைகாக்கிற சூடுதான். ஆனா அதை முடிவு பண்றது நம்ம வேலை இல்லை. போய் அக்காவைக் கேட்டுட்டு வா" என்றார். படித்த மனிதர், அரசாங்க வைத்தியர், ஒரு பால்காரரின் அனுமதிக்காக வேலையை நிறுத்தி வைத்தார். நான் பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். அக்கா புல் நறுக்கிக்கொண்டே யோசித்தார். "கோழி சூடுன்னா பரவால்ல" என்றார். மூன்று நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

ஊசி போட்ட மூன்றில் இரண்டு மாடுகள் தேறின. அடுத்த மழைக்காலத்தைத் திரியில்லாமல் கடந்தன. மூன்றாவதற்கு மறுபடி நோவு கண்டது, லேசாக. ஒரு காம்பு வற்றிப்போனதோடு விட்டது. கொழுந்தனார் லாரிப் பேச்சை எடுக்கவில்லை. தடுப்பூசி பலித்தது என்று டாக்டர் எழுதவில்லை, மூன்று மாட்டை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லக் கூடாது என்றார். முதல் முயற்சி ஏன் தோற்றது என்பதற்கு, மாதிரி தவறானது என்று ஒரு வரி எழுதினார். என் பெயர் அதில் இல்லை. வேலையிலிருந்தும் நீக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருடம், நான் மாதிரி எடுக்கப் போன இடத்துக்கெல்லாம் அவரும் வந்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றார். நீக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

சில வருடங்களில் ஊருக்குள் மாட்டுக்கொட்டகைகள் கூடாது என்றாகிவிட்டது. இப்போது அந்தச் சந்து இருந்த இடத்தை என்னால் சரியாகக் காட்டக்கூட முடியாது. மாடுகளை ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்குக் கொடுத்துவிட்டு, அக்காவும் கொழுந்தனார் குடும்பமும் குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு இரண்டு புளோக் தள்ளி ஐந்தாம் மாடிக்குக் குடிவந்தார்கள். கல்யாணமான பிறகும் நான் அங்கேதான் இருந்தேன். மாதத்தில் இரண்டு முறையாவது அக்காவைப் பார்க்கப் போவேன். அக்கா என் குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொள்வார், என் கணவரைக் கிண்டல் செய்வார், எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் கொண்டு வந்து கொடுப்பார். மன்னித்துவிட்டார் என்றுதான் யாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் வந்தவர்கள் எல்லோருக்கும் பால் ஊற்றி ஆற்றிய தேநீர் வரும்போது, எனக்கு மட்டும் பால் விடாத கோப்பி ஓ வரும். கறுப்பாக, சர்க்கரை தூக்கலாக. முதல் நாளே அப்படித்தான் வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக அந்த வீட்டில் என் கைக்கு ஒரு சொட்டுப் பால் வந்ததில்லை.

அக்கா காலமான பதினாறாம் நாள் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் விருந்தினர்கள் நிறைந்திருந்தார்கள். கொழுந்தனாரின் மகள் தட்டு நிறையப் பால் தேநீர் கொண்டுவந்து, "எடுத்துக்குங்க அத்தை" என்று எனக்கும் நீட்டினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆவி பறந்துகொண்டிருந்தது. எடுத்துக்கொண்டிருக்கலாம், தடுக்க இனி யாரும் இல்லை. "எனக்குக் கோப்பி ஓ போதும்மா" என்றேன். அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தாள்.